மலருண்ணும் ஜப்பான் வண்டு: அடையாளமும் கலைச்சொல்லும்

பாப்பிலியா ஜப்பானிக்கா என்னும் அறிவியற் பெயருடைய வண்டினத்தை ஆங்கிலம் ‘ஜப்பான் வண்டு’ என்றே வழங்குகிறது. தாயகமாகிய ஜப்பானில் இதன் பெயர் ‘மமேகோகனே’ என்பதாகும். ‘மமே’ என்பது பயற்றையும் ‘கோகனே’ என்பது பொன்னையும் குறிக்கும்.  ஜப்பானியப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முற்படுவோர் ‘பொன்வண்டு’ என எழுதிவிடக்கூடும். சிறுவர் தீப்பெட்டிக்குள் அடைத்து வளர்க்கும் தமிழகத்துப் பொன்வண்டோ முற்றிலும் வேறான குடும்பத்தைச் சார்ந்தது.

இவ்வண்டு அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்து ரிவர்ட்டன் அருகே ஒரு நாற்றுப்பண்ணையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இத்தாலியில் 2014இலும் சுவிட்சர்லாந்தில் 2017இலும் தென்பட்டது. இயற்கைப் பகைவர்கள் மிகுந்த ஜப்பானில் இஃது அத்துணைப் பெருந்தீங்கு விளைப்பதில்லை.

வளர்ந்த வண்டு ஏறத்தாழ 10 மி.மீ. நீளமுடையது. தலையும் மார்பும் உலோகப் பச்சை. கடினமான முன்னிறகுகள் செம்பு நிறம். நிறத்தை மட்டும் நம்பினால் பிற வண்டுகளோடு மயங்க நேரும். வயிற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து, பின்முனையில் இரண்டு என அமைந்த வெண்மயிர்க் கற்றைகளே உறுதியான அடையாளம். மொழிபெயர்ப்பில் இதனை ‘வெண்புள்ளிகள்’ என்று சுருக்குவது பிழையாகும். புள்ளி வேறு, மயிர்க்கற்றை வேறு.

வாழ்க்கைச் சுழற்சி பெரும்பாலும் ஓராண்டில் நிறைவுறும். கோடையில் பெண்வண்டு பன்முறை மண்ணுட் புகுந்து மொத்தம் 40 முதல் 60 முட்டைகள் வரை இடும். வெளிவரும் புழு, புல்லின் வேரைத் தின்று மூன்று வளர்நிலைகளைக் கடக்கும். குளிர்காலத்தை மண்ணின் ஆழத்திற் கழிக்கும். வளைந்து கிடக்கும் இப்புழுவின் பின்முனை அடிப்புறத்தில் சிறு முட்கள் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் அமைந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி இதனைக் காண்பது அரிது.

இங்குத் தமிழ்க் கலைச்சொற்கள் இரண்டு இடர் தருகின்றன. ஆங்கிலம் வெவ்வேறு சொற்களாற் பிரித்துக் காட்டும் கம்பளிப்புழு, ஈயின் புழு, வண்டின் புழு ஆகிய அனைத்தையும் தமிழ் ‘புழு’ என்னும் ஒரு சொல்லில் அடக்கும். அடைமொழியின்றி ‘புழு’ என்றெழுதினால் உழவர் அதனை இலையில் தேடுவார். அதுவோ மண்ணுக்குள் இருக்கும். ‘வேர்ப்புழு’ என்னும் வழக்கு இக்குறையைத் தீர்க்கிறது. ‘கூட்டுப்புழு’ என்பது அடுத்த இடர். இவ்வண்டு பட்டுப்புழுவைப் போல நூற்கூடு கட்டுவதில்லை, மண்ணறைக்குள்ளேயே உருமாறுகிறது.

முதிர்வண்டு 300க்கும் மேற்பட்ட தாவரங்களை உண்ணும். இலையின் நரம்புகளை விட்டுவிட்டு இடைப்பகுதியை அரிப்பதும், ரோஜாவின் இதழ்களைக் குடைந்துண்பதும் இதன் இயல்பு. ஜெரேனியம் மலரிதழை உண்ட வண்டு சிறிது நேரத்தில் மல்லாந்து வீழ்ந்து பல மணி நேரம் செயலற்றுக் கிடக்கும் என்பது வியப்புக்குரியது.

மலர்மணத்தின்பால் இவ்வண்டுக்குள்ள ஈர்ப்பே பொறிகளின் அடிப்படை. ஜெரானியால், யூஜினால் போன்ற மணப்பொருள்களுடன் பெண்வண்டின் இனக்கவர்ச்சிப் பொருளும் அவற்றில் வைக்கப்படும். ஆயினும் பொறியில் வீழ்வனவற்றினும் அதன் அருகே வந்து செடிகளில் தங்குவன மிகுதியாதல் உண்டு. ஆகவே வரவைக் கண்டறிவதற்கென அமைத்த பொறியைக் ‘கட்டுப்பாட்டுப் பொறி’ எனப் பெயர்த்தால், அதை நம்பித் தோட்டத்தின் நடுவே தொங்கவிடுபவர் தம் ரோஜாச் செடிகளுக்கே வண்டுகளை வரவழைத்தவராவார்.