ஆறே புள்ளிகளில் 247 எழுத்து! தெரியுமா?

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் முறையில் தமிழின் 247 எழுத்துகளும் ஆறே ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும், தெரியுமா? இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. எந்தப் புள்ளி எழும்புகிறது, எது எழும்பவில்லை என்பதை வைத்து 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழுக்கு அதில் ஏறக்குறையப் பாதியே போதும்! உயிர்மெய்க்குத் தனி வடிவம் தேவையில்லை. மெய்யை அடுத்து உயிர் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அம்மா' என்று எழுத நமக்கு மூன்று எழுத்து. பிரெய்லில் ஐந்து கட்டம்: அ, மெய்யைக் காட்டும் புள்ளிக்குறி, ம, ம, ஆ. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் அமைந்த பாரதி பிரெய்லில் ஆங்கில 'கே'யும் தமிழ்க் 'க'வும் ஒரே வடிவம். ஒன்றைக் கற்ற குழந்தைக்கு மற்றது இலவசம்!

இந்த ஆறு புள்ளி முறையைக் கண்டுபிடித்தவருக்கு அப்போது வயது என்ன? பதினைந்து! பிரான்சின் கூப்வ்ரே கிராமத்தில் 1809இல் பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணை இழந்தார். பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் அன்றிருந்தவை, நாம் அச்சில் காணும் அதே எழுத்துகளைப் புடைப்பாக அழுத்திய கனமான புத்தகங்கள். தடவிப் படிக்க நேரமாகும். பிள்ளைகள் தாங்களாக எழுதவோ வழியே இல்லை. சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி 12 புள்ளி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதைப் பாதியாக்கினார். 1824இல் முறை தயார்!

உடனே கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 1840களில் அதே பள்ளியின் இயக்குநர் துஃபோ அதற்குத் தடை போட்டார், புத்தகங்களை எரித்தார். பிள்ளைகள் விடவில்லை. ஒளித்து வைத்து எழுதினார்கள், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான். பிரான்ஸ் அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். லூயி இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

சரி, பிரெய்ல் சட்டத்தில் தாளை வைத்துக் குத்தூசியால் எழுதும் குழந்தை வலமிருந்து இடமாக எழுதுகிறது, தெரியுமா? தாளின் பின்பக்கத்திலிருந்து குத்தினால்தானே முன்பக்கம் புள்ளி எழும்பும்! ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றிக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஆறு வயதில் இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்!

நம் ஊர்க் கதை ஒன்று. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி தொடங்கியது 1890இல்! தொடங்கியவர் ஆஸ்க்வித் அம்மையார். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் வந்து மூன்றே ஆண்டில் நெல்லைச் சீமைக்கும் வந்துவிட்டது.

பார்வையற்றோருக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் ஏப்ரகாம் நெமத் பெயரைச் சொல்லுங்கள். பிறவியிலேயே பார்வையற்ற அமெரிக்கர். கணக்கு வேண்டாம் என்று தடுத்தார்கள், உளவியல் படித்தார். மனம் கேட்கவில்லை. கணிதத்துக்கே திரும்பிப் பேராசிரியர் ஆனார், கணிதக் குறிகளுக்கென்று தனி பிரெய்ல் முறையையும் உருவாக்கினார். இன்றும் பிள்ளைகள் பலர் அதில் சமன்பாடு போடுகிறார்கள்!

இன்னும் பெரிய ஆச்சரியம் மண்டைக்குள் இருக்கிறது. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர் பிரெய்ல் படிக்கும்போது, மூளையில் 'பார்க்கும்' பகுதி வேலை செய்கிறது! 1996இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். சரளமாக பிரெய்ல் படித்த ஒரு பெண்ணுக்கு மூளையின் அந்தப் பகுதியில் பக்கவாதம் தாக்கியது. விரலுக்குப் புள்ளிகள் தட்டுப்பட்டன. ஆனால் படிக்க முடியாமல் போய்விட்டது!

மறுபக்கமும் உண்டு. தொட்டே அறிந்த பொருளைப் பார்வை கிடைத்ததும் கண்ணால் அடையாளம் காண முடியுமா? 1688இல் மாலினோ என்ற அறிஞர் எழுப்பிய கேள்வி. ஆய்வாளர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து இந்தியப் பிள்ளைகள்தான், மூன்று நூற்றாண்டு கழித்து 2011இல், விடை தந்தார்கள். உடனே முடியவில்லை; சில நாட்களில் முடிந்தது!

இன்று கணினியும் கைகொடுக்கிறது. சென்னையின் பெனோ ஜெஃபைன் 2015இல் வெளியுறவுப் பணிக்குத் தேர்வானார். முழுப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுவே முதல்முறை. அவர் கைக்கொண்டது கணினித் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை. அப்படிப்பட்ட ஒன்றுதான் 'என்விடிஏ'. அதை உருவாக்கிய இரண்டு ஆஸ்திரேலியர்களும் பார்வையற்றவர்கள். சிறுவர்களாக ஓர் இசை முகாமில் சந்தித்த நண்பர்கள்! 2006இல் தொடங்கினார்கள். முற்றிலும் இலவசம், தமிழும் வாசிக்கும், பென் டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸில் ஓடும் எந்தப் பள்ளிக் கணினியிலும் இன்றே போடலாம்!

அதற்காக 'குரல் வந்துவிட்டதே, பிரெய்ல் எதற்கு?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காதால் மட்டும் கேட்ட குழந்தைக்கு 'ந'வா 'ன'வா என்று எப்படித் தெரியும்? ரகர றகரம்? விரல் சொல்லிவிடும். பிரெய்லில் 'ல' என்றால் இடப்பக்க மூன்று புள்ளியும் எழும்பும், 'ள' என்றால் வலப்பக்க மூன்றும்! குழந்தை பள்ளியில் சேரும் நாளிலேயே பிரெய்ல் சட்டத்தையும் குத்தூசியையும் கேட்டு வாங்குங்கள்.