நைரோபிக்கும் லேகோசுக்கும் எத்தனை தூரம்?

ஆப்பிரிக்காவின் கீழ்த்திசையில் கென்யாவின் தலைநகர் நைரோபி. மேல்திசையில் நைஜீரியாவின் பெருநகர் லேகோஸ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆகாய விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? கேள்வி எளிது, விடையோ மூன்று. பூகோளம் ஒன்று சொல்லும். கடிகாரம் வேறொன்று சொல்லும். அரசாங்கங்கள் மூன்றாவதொன்றைச் சொல்லும்.

முதலில் பூகோளம். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 டிகிரியால் வகுத்தால் டிகிரிக்கு 111 கிலோமீட்டர். இரு நகரங்களும் பூமத்திய ரேகையை ஒட்டியிருப்பதால், கிழக்கு மேற்காக அளந்தாலும் இக்கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். தீர்க்க ரேகையில் இரண்டிற்கும் வித்தியாசம் 33.4 டிகிரி, அதாவது 3,700 கிலோமீட்டர். நைரோபி பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது, லேகோஸ் வடக்கே. அவ்வகையில் வித்தியாசம் 7.8 டிகிரி, அதாவது 860 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் 3,800 கிலோமீட்டர். நண்பர்கள் பென்சிலும் தாளும் கொண்டே இதைச் சரிபார்த்துவிடலாம்.

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் பயணம் சுமார் ஐந்து மணி.

இனி, கடிகாரம். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஆகவே லேகோஸின் நேரம் நைரோபிக்கு இரண்டு மணி பின்தங்கியது. நைரோபியில் காலை 8 மணிக்குப் புறப்படுபவர் லேகோஸில் 11 மணிக்கே இறங்குவார். திரும்பும்போது பகல் 12 மணிக்கு ஏறினால் இரவு 7 மணி ஆகிவிடும். போக மூன்று, வர ஏழு! விமானம் வேகம் மாறவில்லை. நாம் பார்த்த கடிகாரம்தான் மாறியது. காற்றின் போக்கால் ஏற்படும் வேறுபாடு இதனினும் சிறியது.

மூன்றாவது விடைதான் மக்களை வாட்டுவது. ஒவ்வொரு நாட்டிற்கும் தன் ஆகாயத்தின்மீது முழு உரிமை உண்டென்று 1944-இல் சிகாகோ உடன்படிக்கை வகுத்தது. எனவே இரு நாடுகள் இசைந்தாலன்றி அவற்றிடையே விமானம் ஓடாது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலோ ஆகாய மார்க்கங்கள் லண்டனையும் பாரிஸையும் நோக்கியே அமைந்தன. இதனால் ஆப்பிரிக்க நகரங்கள் இரண்டினிடையே செல்ல ஐரோப்பாவைச் சுற்றிச் சென்றவர் பலர். நைரோபியிலிருந்து லண்டன் வழியாக லேகோஸ் செல்வதானால் தூரம் 11,800 கிலோமீட்டர். நேர்வழியைப்போல் மூன்று மடங்கு! அடிஸ் அபாபா வழியாக மாறிச் சென்றாலும் 5,000 கிலோமீட்டரைத் தாண்டும். அங்கே காத்திருக்கும் நேரம் வேறு.

இந்நிலையை மாற்ற 1999-இல் யமுசுக்ரோ நகரில் ஆப்பிரிக்க நாடுகள் கூடி, ஆகாயத்தை ஒருவருக்கொருவர் திறந்துவிட முடிவு செய்தன. 2018-இல் 23 நாடுகள் ஒரே ஆகாயச் சந்தையைத் தொடங்கின. எனினும் முடிவு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. போட்டி வந்தால் சொந்த நாட்டு விமானக் கம்பெனி நலிந்துவிடுமோ என்னும் அச்சம் ஒரு காரணம்.

நைரோபியில் ஒரு வியாபாரியோ மாணவனோ லேகோஸ் செல்ல விரும்பினால், அவன் கேட்பது 3,800 கிலோமீட்டர் என்னும் கணக்கையன்று, "நேர் விமானம் உண்டா? கட்டணம் என்ன?" என்பதையே. தேசப்படத்தின் தூரத்தை இயற்கை வகுத்தது. பயணத்தின் தூரத்தை மனிதன் வகுத்தான். மனிதன் வகுத்ததை மனிதனே குறைக்கவும் கூடுமன்றோ?