சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் வண்டி

நமது தோட்டங்களில் இளைஞர்கள் பலர் கடன்பட்டோ லீசிங் எடுத்தோ ஒரு வேனையோ காரையோ வாங்கி ஓட்டுகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் போவதும் அதில்தான். இரவில் யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால் லயத்துக்காரர் முதலில் கதவைத் தட்டுவதும் அந்த வண்டிக்காரர் வீட்டைத்தான்.

அந்த வண்டிக்கு வரும் ஒரு கோளாறைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். பலாபத்வலயிலிருந்து மாத்தளை டவுனுக்கு நன்றாகவே போகும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் பொசுக்கென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் நசுக்கினவர்களும் உண்டு. நசுக்கட்டும், ஆனால் கிராங் சென்சரையும் பார்க்கட்டும்.

எஞ்சினுக்குள் சுற்றும் கிராங் தண்டோடு ஒரு பல்சக்கரமும் சுற்றுகிறது. பல வண்டிகளில் அதற்கு 36 பல் இருக்கவேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்து 35 வைத்திருப்பார்கள். சிலவற்றில் 60க்கு 58. பக்கத்தில் இருக்கும் சென்சர் ஒவ்வொரு பல்லையும் எண்ணி வண்டியின் கம்பியூட்டருக்குச் சொல்லும். பல் இல்லாத இடத்தை வைத்துத்தான் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று கம்பியூட்டர் அறிகிறது. பிரட்டுக்களத்தில் பேர் பதியாமல் யாரையும் மலைக்கு அனுப்புவார்களா? அதே கதைதான். இந்தக் கணக்கு வராவிட்டால் கம்பியூட்டர் பெற்றோலையும் விடாது, பிளக்குக்கு நெருப்பையும் விடாது.

காந்த வகைச் சென்சருக்குள் முடி போன்ற செம்புக்கம்பிச் சுருள் இருக்கும். அதில் வெடிப்பு விழுந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் மறுபடி ஒட்டும்.

ஆகவே வண்டி நின்ற அந்த நேரத்திலேயே பார்க்கவேண்டும். ஆறின பிறகு கராஜுக்குக் கொண்டுபோனால் பாஸ் "ஒன்றும் இல்லையே" என்றுதான் சொல்வார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அது கொஞ்சமாவது அசையும்; அசையாமல் பூச்சியத்திலேயே கிடந்தால் சந்தேகம் இந்தச் சென்சர் மேல்தான். ஸ்கேனரில் பி0335 என்று வந்தால் கோளாறு அந்தப் பாதையில் இருக்கிறது என்று அர்த்தம். சென்சர்தான் போய்விட்டது என்று அர்த்தமில்லை! வயர் உராய்ந்திருக்கலாம், பிளக்கில் எண்ணெய் ஊறியிருக்கலாம், காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம். முதலில் அவற்றைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு வயர் சென்சர் என்றால் மீட்டரால் சூட்டில் ஒருமுறை, ஆறவிட்டு ஒருமுறை ஓம் அளந்தால் வித்தியாசம் தெரியும். மூன்று வயர் உள்ளது வேறு வகை, அதை ஓம் அளந்து முடிவு செய்ய முடியாது.

இதையெல்லாம் பார்க்காமல் பெற்றோல் பம்பை மாற்று, கொயிலை மாற்று என்று சொன்னால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஏன் மாற்றவேண்டும், எதை அளந்து பார்த்தீர்கள் என்று கேட்கலாம், கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. மலிவான போலிச் சென்சரும் வேண்டாம், சீக்கிரமே பழைய கரச்சல் திரும்பிவிடும்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வேன்களுக்கு இந்தச் சென்சர் கதை பொருந்தாது. அங்கே பில்டரையும் காற்று பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இலகுவாகப் பிடிக்கும், பிறகு இறுகிவிடும். அதனால் முதல் மிதியிலேயே ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். உள்ளே நோயாளி இருந்தால் எஞ்சின் ஆறும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.