ஒன்பதாம் நாள் கொடுத்த கடிதம்

"அப்ப இன்னும் எத்தனை நாளைக்குச் சோறு கட்டணும்?"

வேலையை விடப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது இதைத்தான். ரெண்டு வாரம் என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சேர்ந்தே பத்து நாள்தானேம்மா ஆவுது?"

அம்மாவுக்கு அது லேசில் பிடிபடுகிற சங்கதி இல்லை. 1979-ல் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர், 24 ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தார். 1969-ல் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஜார்ஜ் டவுன் குடும்பங்கள் பலவும் தவித்தன. 1972-ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்து, இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்து பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்தபோதுதான் எங்களைப் போன்ற வீடுகளில் மாதச் சம்பளம் என்ற ஒன்று நிலைத்தது. அப்படிக் கிடைத்த வேலையை யாரும் தாமாக விடமாட்டார்கள். அம்மா காலத்து அகராதியில் வேலையை விடுவது என்றால் கல்யாணம், இல்லாவிட்டால் நோய்.

நான் சேர்ந்தது 2025 மார்ச் 3, திங்கட்கிழமை. சரக்கிருப்புக் கணக்கு பார்க்கும் வேலை, மாதம் 2,600 வெள்ளி. அதற்கு முன் ஆறு ஆண்டு லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன். நேர்காணலில் நான் கேட்டது ஒரே கேள்வி: ராத்திரி ஷிப்ட் உண்டா? டத்தோ கிராமட் பக்கம் எங்கள் பிளாட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஒருமுறை நடுராத்திரியில் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தார். அதிலிருந்து இரவில் அவரைத் தனியே விடுவதில்லை. "இந்த வேலைக்கு ராத்திரி கிடையாது" என்றார்கள். நம்பினேன்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அறிவிப்புப் பலகையில் ஏப்ரல் மாத அட்டவணை. என் பெயருக்கு நேரே மாலை ஏழு முதல் காலை ஏழு.

அன்று கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது நியமனக் கடிதத்தை எடுத்தேன். மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் சுருக்கொப்பம், கொஞ்சமும் நடுங்காத கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் நடுவில் ஒரு வரி: வேலை நேரம் நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படலாம். நேர்காணலில் வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லை. அந்த வரியைப் படிக்காமலே ஒப்பமிட்டிருந்தேன். இதை எழுதுவதே இன்னொருவர் படித்துவிட்டு ஒப்பமிட வேண்டும் என்பதற்காகத்தான். உங்களுக்கு உயிரான நிபந்தனை எதுவோ, அது தாளில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

மறுநாள் முதல் வேலையாகப் பகல் ஷிப்டிலேயே விடமுடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். கேட்காமலே வேலையை விட்டிருந்தால் அது என் அவசரமாகியிருக்கும். புது இடத்தில் முதல் வாரம் யாருக்கும் ஒன்றும் ஓடாது. கணினியில் எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாது, மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்றும் தெரியாது. அதற்காக யாரும் வேலையை விடவேண்டியதில்லை. ஒரு மாதத்தில் பழகிவிடும். என் ராத்திரிகள் ஒரு மாதத்தில் மாறப்போவதில்லை.

அன்று சாயங்காலம் மாமாவை ஒரு நாசி கண்டார் கடையில் பார்த்தேன். தே தாரேயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னது: "எதுக்கும்மா லெட்டரு? நாளையிலருந்து போகாம இருந்திடு. போன் வந்தா எடுக்காத. அவங்களே பேரை அடிச்சிடுவாங்க."

நம்மில் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். கெட்ட எண்ணமில்லை, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். ஆனால் மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதை வேறுமாதிரி பார்க்கிறது. விடுப்புச் சொல்லாமல், தக்க காரணமும் தெரிவிக்காமல், தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள்தான். நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தை முதலாளி உங்களிடம் கேட்கலாம். 2023 ஜனவரி 1 முதல் இந்தச் சட்டம் சம்பளம் எவ்வளவானாலும் தீபகற்பத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் பொருந்துகிறது. ஓவர்டைம் போன்ற சில பிரிவுகளுக்குத்தான் 4,000 வெள்ளி வரம்பு.

அதே சட்டம் வெளியே போகும் வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது. நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமமாக இருக்கவேண்டும். உங்களை நீக்க அவர்களுக்கு இரண்டு வாரம் என்றால், நீங்கள் விலகவும் இரண்டு வாரம்தான். என் நியமனக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வாரம். சேர்ந்து ஒன்பது நாள்தானே, எனக்கெல்லாம் நோட்டீஸா என்று நினைக்கக்கூடாது, பயிற்சிக்காலத்திலும் உண்டு. காத்திருக்க முடியாதவர் அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கட்டிவிட்டு அன்றே போகலாம். எனக்கு அது ஏறத்தாழ 1,200 வெள்ளி வந்திருக்கும். அவ்வளவு பணத்தைக் கொடுப்பதைவிட இரண்டு வாரம் பகலில் வேலை செய்வது மேல் என்று முடிவெடுத்தேன். ராத்திரி ஷிப்ட் ஏப்ரலில்தானே தொடங்குகிறது.

வியாழக்கிழமை காலை, கடிதத்தோடு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். துன் டாக்டர் லிம் சோங் இயு நெடுஞ்சாலையில் பினாங்குப் பாலத்தைத் தாண்டியதும் இடப்புறம் கடலில் ஜெரெஜாக் தீவு தெரியும். பச்சையாய், ஆளரவமில்லாமல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அங்கேதான் இறக்கி ஒதுக்கி வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளும் அதில் உண்டு. எங்கள் பூட்டனார் அக்கரையில், செபராங் பிறையில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டுப் போனால் அந்தக் காலத்தில் அது குற்றம், பிடித்தால் சிறை. அந்த ஒப்பந்த முறையை 1910-ல்தான் நிறுத்தினார்கள். பிறகு கங்காணி மூலம் வந்தவர்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று சட்டம் இருந்தது. கையில் காசும், போக இடமும் இருந்தவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும்.

என் மடியில் இருந்த தாள் அப்போது கனத்தது. ஒளிந்து போகாமல், பேர் எழுதி, தேதி போட்டு, இன்ன நாளோடு விலகுகிறேன் என்று சொல்ல முடிவதை நான் சாதாரணமாக எண்ணவில்லை. மாமாவிடமும் பிறகு அதைச் சொன்னேன்.

கடிதம் நான்கே வரி. என்ன பதவி, எந்தத் தேதியில் கடிதம் தருகிறேன், எது கடைசி நாள், நன்றி. காரணம் எழுதவேண்டியதில்லை, நான் "குடும்பப் பொறுப்பு" என்று மட்டும் எழுதினேன். நேர்காணலில் சொன்னதையும் பிறகு நடந்ததையும் எழுத மனம் துடித்தது. எழுதவில்லை, நேரில் சொன்னேன். நோட்டீஸ் எழுத்தில் இருக்கவேண்டும், கொடுக்கும் நாளும் கணக்கில் சேரும். அதனால் மார்ச் 13-ல் கொடுத்த எனக்கு 26-ஆம் தேதி கடைசி. இரண்டு படி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அந்தப் படி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

எச்.ஆரில் இருந்த சீனப் பெண் படித்துவிட்டு, பயிற்சி முடிந்தபிறகு போகாமல் இப்போதே சொன்னீர்களே, அதுவே உதவி என்றார். எங்கள் சூப்பர்வைசர் மலாய்க்கார அக்கா. நோன்பு மாதம், நாலு மணிக்கு முகம் வாடியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "தாக் அப்பா. மாக் டூலு" என்றார். பரவாயில்லை, அம்மாதான் முதலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பயத்தில் பாதி அதில்தான். முழு மாதம் வேலை செய்யாதவருக்கு, சம்பளத்தை அந்த மாதத்து நாட்களால் வகுத்து, வேலையில் இருந்த நாட்களால் பெருக்குவார்கள். 2,600-ஐ 31-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் 2,012 வெள்ளி 90 காசு. அதில் என் பங்காக இபிஎப் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ காப்புறுதிக்குக் கொஞ்சமும் போகும். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு போடவேண்டும், 24 நாளானாலும். நோட்டீஸ் முடிந்து விலகுபவருக்குக் கடைசி நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிடவேண்டும். தராவிட்டால் லேபர் ஆபிஸ் இருக்கிறது. வேலை போனவர்களுக்குச் சொக்சோ தரும் வேலைக் காப்புறுதித் தொகை, தாமாக விலகியவர்களுக்குக் கிடையாது. அதனால் கையில் இரண்டு மாதச் செலவுக்காவது இல்லாதவர், அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டு நோட்டீஸ் கொடுப்பதுதான் நல்லது. பயிற்சிச் செலவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் அதையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். எனக்கு ஜவுளிக்கடைச் சேமிப்பு கொஞ்சம் இருந்தது. மே மாதம் லெபோ பந்தாய் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. மார்ச்சில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இம்முறை வேலை நேரத்தைக் கடிதத்தில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார்கள்.

மார்ச் 26, புதன்கிழமை. நோன்புப் பெருநாளுக்கு இன்னும் நாலைந்து நாள். வாசல் அட்டை ஒன்று, சட்டை இரண்டு, நிலைமின்சாரத்துக்காகக் குதிகாலில் கட்டும் பட்டை ஒன்று என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். எதிரில் இருந்தவர் படிவத்தில் அடித்துக்கொண்டே வந்தார். அக்கா ஒரு சிறிய போத்தலில் பெருநாள் பலகாரம் கொடுத்தனுப்பினார். "உன் அம்மாவுக்கு" என்றார்.

வீட்டில் அம்மா போத்தலைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அந்தப் பட்டையை இப்போதும் குதிகாலில்தான் கட்டுகிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு என் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, அலமாரிக்குள் வைக்காமல், கைக்கு எட்டும் தட்டிலேயே கவிழ்த்து வைத்தார்.