புகையை விடுவோர்க்கு முதற் கருவி

மின்சாரச் சிகரெட்டை விற்பது நம் தேசத்தில் 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பீடியும் சிகரெட்டுமோ மூலைக்கு மூலை தாராளமாய்க் கிடைக்கின்றன! இவ்விபரீதம் நிற்க. அது சட்டப்படி விற்கப்படும் பிரிட்டனில், நெடுநாள் சிகரெட் பிடித்தவர் ஒருவர் அதை விட்டொழிக்க எண்ணி முதற் கருவி வாங்கப் போகிறார். அவர் கவனிக்க வேண்டியது பழவாசனையன்று, நிகோடின் அளவேயாம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். நிகோடினே சகல கேட்டிற்கும் மூலமென்றஞ்சி, மிகக் குறைந்த அளவுள்ள திரவத்தை வாங்குகின்றனர். வேட்கை அடங்காமல் மறுவாரமே பழைய சிகரெட்டிற்குத் திரும்புகின்றனர். மனிதனை அடிமைப்படுத்துவது நிகோடின் என்பது வாஸ்தவமே. ஆயினும் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புகையிலை எரிவதால் எழும் புகையன்றோ? அந்நாட்டுச் சட்டம் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராம் வரை நிகோடினை அனுமதிக்கிறது. தினம் ஒரு பெட்டி ஊதித் தள்ளுபவர் அவ்வுச்ச அளவையொட்டித் தொடங்கிப் படிப்படியாய்க் குறைப்பதே விவேகமென்பது நமது அபிப்பிராயம்.

கருவி எளியதாயிருத்தல் நலம். மின்சாரம் ஏற்றவும் திரவம் நிரப்பவும் கூடியதாய், சிகரெட்டைப் போலவே மெல்ல வாயால் இழுக்கத்தக்கதாய் இருந்தாற் போதும். ஒருமுறை உபயோகித்து எறியும் வகையின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடுத்துவிட்டனர்.

கருவியை வாங்கிய பின்னும் சிகரெட்டைக் கைவிடாதிருப்பவர் பெறும் லாபம் சொற்பமே. இந்த ஆவியும் தீங்கற்றதன்று. ஆதலின் புகையைத் தொட்டறியாத வாலிபர்க்கு அக்கடையில் யாதொரு வேலையுமில்லை. 18 வயதிற்குட்பட்டோர்க்கு விற்பதை அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது.