கலியாண வீடு

யாழ்ப்பாணத்துப் பேச்சில் உள்ள ஒரு வழக்கை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். திருமணத்தைக் 'கலியாண வீடு' என்கிறோம். பூப்புனித நீராட்டு 'சாமத்திய வீடு'. இழவு 'செத்த வீடு'. நிகழ்ச்சிக்கு வீடே பெயராகிவிட்டது. ஏன் என்பதை அறிய, எங்கள் புத்தூரில் முன்னர் ஒரு வீடு வெளியூர் உறவினரை வரவேற்க எவ்வாறு ஆயத்தமாயிற்று என்று பார்த்தால் போதும்.

வேலியிலே வேலை தொடங்கும். உக்கிய கிடுகைக் களைந்து புதிது கட்டுவார்கள். அடுத்தது கிணறு. வலிகாமத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. எங்கள் ஊர் நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல சான்று. மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். நூறு பேர் குளிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக் கிணறு எப்படிப் போதும்? எனவே கிணற்றை முன்கூட்டியே இறைத்துத் துப்புரவாக்கிவிடுவர். கலியாண நாட்களில் குளிக்க வருவோரை அயல் வளவுகளுக்குப் பிரித்தனுப்புவர். படுக்கையும் அவ்வாறே. பெண்களும் குழந்தைகளும் உள்வீட்டில், முதியவர்கள் திண்ணையில், இளைஞர்கள் பந்தலுக்குள் பாய் விரித்து. மிஞ்சியோர் அடுத்த வீட்டில். பாய், தலையணை, கிடாரம், குத்துவிளக்கு யாவும் இரவல். எது எவருடையது என்று தெரிய அடியிலே பெயரெழுத்துப் பொறித்த பாத்திரங்களை இன்றும் பல வீடுகளில் காணலாம்.

நல்ல நாள் பார்த்து முள்முருக்கங் கிளையைக் கன்னிக்காலாக ஊன்றுவார்கள். பலகாரச் சூட்டுக்கும் நாள் பார்க்கவேண்டும். அயற்பெண்கள் கூடிப் பயறு வறுத்து இடித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் மிளகும் சீரகமும் சேர்த்துப் பயற்றம் பணியாரம் சுடுவார்கள். கூடவே அரியதரமும் முறுக்கும். பல நாட்களுக்குப் பழுதாகாத பண்டங்களையே தேர்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வந்தவர் தம் ஊருக்கும் கொண்டுபோக வேண்டுமல்லவா?

'விருந்து' என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியர் வனப்பு எட்டினுள் ஒன்றாக அதைச் சொல்வதும் புதிதாகப் பாடப்படும் செய்யுள் பற்றியே. விருந்தினர் எனில் புதியவர், முன்பின் அறியாதவர். வள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்பவேண்டியவர்களை எண்ணும்போது விருந்தை வேறாகவும் சுற்றத்தாரை வேறாகவும் வைக்கிறார். இந்த அளவுகோலால் பார்த்தால் எங்கள் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் சுற்றத்தார்தாம். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. வேலி அடைத்தவரும், பந்தலுக்குக் கிடுகு சுமந்தவரும், விறகு கொத்தியவரும் அந்தப் பந்தியில் அமரவில்லை. அவர்களுக்குச் சோறு கோடிப்புறத்தில். கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. ஒருவர் வார்க்கக் கையேந்த வேண்டும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1966இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்தில் புறப்பட்டது. தேநீர்க் கடைகளும் கோயில்களும் போராட்டக் களங்களாயின. வீட்டுப் பந்தியோ தனியார் விடயம் எனப்பட்டு, அதன் பின்னும் பல காலம் அப்படியே கிடந்தது. பழைய கலியாண வீட்டின் அழகைப் பாடும் எங்கள் எழுத்துக்களிற் பல இந்தக் கோடிப்புறத்தை எட்டிப் பார்ப்பதில்லை. இது எனக்கு உடன்பாடன்று.

இன்று கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருவோர் விடுதியில் தங்கி, மண்டபத்தில் உண்டு திரும்புகின்றனர். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின் பயணமும் இலகுவாயிற்று. மண்டபத்தில் உயிரில்லை என்று பெரியோர் குறைப்படுகின்றனர். அதில் உண்மை உண்டு. அயல் வளவுகளுக்கு இடையே பாயும் பாத்திரமும் நடந்து திரிந்த காலம் அங்கே இல்லை. எனினும் மண்டபத்துக்குத் திண்ணையும் இல்லை, கோடியும் இல்லை. அழைப்பிதழோடு வந்தவர் வெறுமையான கதிரையைக் கண்டு அமர்கிறார். பக்கத்தில் இருப்பவர் யாரென்று பரிமாறுபவர் கேட்பதில்லை. அழைப்பிதழ் யார் யாருக்குப் போகிறது என்பது வேறு கேள்வி. அதை எழுதுவது இன்னும் வீட்டிலேதான்.

பலகாரச் சூடும் பல இடங்களில் வீட்டு முற்றத்தை விட்டுப் போகவில்லை. பயற்றம் பணியாரம் கனடாவுக்குப் போகும் பெட்டியிலே, சேலைகளுக்கு நடுவே, உடையாமல் அடுக்கப்படுகின்றது.