முழங்காலா, நெம்புகோலா?

புளியங்குடியிலோ சங்கரன்கோவிலிலோ தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை: பாவு தொய்ந்தால் துணி கெட்டது. நெய்த துணி அகலத்தில் உள்வாங்காமலிருக்க, இரு முனையிலும் ஊசி பதித்த கோலைக் கரைக்குக் கரை குத்தி நிறுத்துவார்கள். சுவரோடு சுவராகக் கார்ப்பெட் பதிப்பவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு அறையே தறி.

பவானி ஜமக்காளத்துக்கு இந்தப் பாடு கிடையாது. விரிக்கிறோம், உதறி மடிக்கிறோம். கல்யாண மண்டபத்துச் சிவப்புக் கார்ப்பெட்டுக்கு இருபக்க டேப் போதும். பெரிய ஓட்டல் அறைகளில் மெத்தென்ற அடிவிரிப்பின்மேல் பசையில்லாமல் கிடக்கும் கார்ப்பெட்தான் சிக்கல். காற்றில் ஈரம் ஏறினாலும், கனமான நாற்காலியை இழுத்தாலும் அது நெளிந்து அலை எழும்பும். அலையில் கால் தடுக்கும். மேடு மட்டும் தேய்ந்து வழுக்கையாகும்.

இதைத் தடுக்கச் சுவரோரமாக மெல்லிய மரப்பட்டியை அடிக்கிறார்கள். அதன் ஆணிமுனைகள் சுவர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும். இழுத்து மாட்டிய கார்ப்பெட் பின்வாங்கப் பார்க்கும்போதெல்லாம் அந்த முனைகளில் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்ளும். தப்பிக்கிற விசையையே பிடிமானமாக மாற்றிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

எவ்வளவு இழுப்பது? அமெரிக்கக் கார்ப்பெட் தொழிலமைப்பின் தரவிதி நீளத்திலும் அகலத்திலும் 1 முதல் 1.5 சதவீதம் என்கிறது. 5 மீட்டர் அறைக்கு 5 முதல் 7.5 சென்டிமீட்டர். வெறுங்கையால் இது நடக்காது.

கருவிகள் இரண்டு. ‘நீ கிக்கர்’ கைக்கு அடக்கமானது. ஒரு முனையில் பற்கள், மறுமுனையில் திண்டு. பற்களைக் கார்ப்பெட்டில் பதித்து, திண்டை முழங்காலுக்குச் சற்று மேலுள்ள பகுதியால் இடித்துத் தள்ள வேண்டும். பற்களின் நீளத்தைக் கார்ப்பெட்டின் தடிப்புக்கேற்பத் திருகி வைக்காவிட்டால் அடிவிரிப்பு கிழியும். எவ்வளவு இடித்தாலும் இடி விழுந்த இடத்தைச் சுற்றித்தான் இழுபடும். ‘பவர் ஸ்ட்ரெச்சர்’ அப்படியல்ல. குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி, வாலை ஒரு சுவரில் ஊன்றி, பல் வைத்த தலையை எதிர்ச்சுவரருகே கார்ப்பெட்டில் பதித்து நெம்புகோலை அழுத்தினால், அறை முழுவதும் ஒரே சீராக விறைக்கும். வாலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை வைத்தால் பூச்சு பெயராது.

பவர் ஸ்ட்ரெச்சர் விலை கூடியது, சுமக்கவும் பாரம். அதனால் எல்லா வேலைக்கும் முழங்காலையே நம்புவோர் உண்டு. எனக்கு அது சிக்கனமாகப் படவில்லை. 1990இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் விடுத்த எச்சரிக்கை இது: கார்ப்பெட் பதிப்போர் அந்நாட்டுத் தொழிலாளர்களில் 0.06 சதவீதத்துக்கும் குறைவு. முழங்கால் காயத்துக்கான இழப்பீட்டு மனுக்களிலோ 6.2 சதவீதம் அவர்களுடையவை.

கிக்கரைத் தூக்கியெறியவும் வேண்டாம். மாடிப்படி, அலமாரியின் உட்புறம் போல் குழாய் நீட்ட இடமில்லாத இடங்களுக்கு அதுதான் சரி. முதல் மூலையை ஆணிப்பட்டியில் மாட்டவும் அதுவே வசதி. அதன்பிறகு பெரிய இழுப்பெல்லாம் ஸ்ட்ரெச்சர் பாடு. கடைசியில் மிச்சத்தை வெட்டி, பட்டிக்கும் சுவருக்கும் இடையே விட்ட சந்தில் விளிம்பைச் செருகிவிடுவார்கள்.